காலி ட்ரெய்லரின் எடை

இது நடந்தது. நேரங்கள் என் நாட்குறிப்பில் அப்படியே இருக்கின்றன. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் பயம் இல்லை. வெட்கம்.

போன ஜூலையில் வீடு மாறினேன். நியூசிலாந்தில் அது குளிரும் மழையும். சாமான் நனையக் கூடாதென்றால் எங்கள் பக்கம் குதிரை ஏற்றும் ட்ரெய்லரைத்தான் கேட்டு வாங்குவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நைரி ஆண்ட்டியிடம் ஒன்று இருந்தது.

“எதுல இழுக்கப் போற, ஃபின்?”

“மாமாவோட பிக்கப்ல.”

“சரி. உன் காருன்னா தர மாட்டேன். தையல் மெஷின்ல கட்டி இழுக்குற மாதிரி இருக்கும்.”

சிரித்தேன். மாமாவிடம் நான் கேட்கவே இல்லை. ஆண்ட்டி வேலைக்குப் போன நேரம் பார்த்து, என் காரில்தான் மாட்டிக்கொண்டு வந்தேன். அது சிவிடி கார். கியர் மாறாது, உள்ளே ஒரு பட்டைதான் ஓடும். 750 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. அந்த ட்ரெய்லர் காலியாகவே 800.

சாமான்களைப் புது வீட்டில் இறக்கி, ட்ரெய்லரைப் பெருக்கிவிட்டு, 4.20க்குத் திரும்பக் கிளம்பினேன்.

4.41. மலை ஏற்றம். மூடுபனி. இன்ஜின் இரைச்சல் கூடியது. சாமானோடு இதே மலை ஏறி வந்தபோதுகூட 3000ஐத் தாண்டாத இன்ஜின் சுழற்சி முள் 4500இல் நின்றது.

4.47. உச்சி. சமதளம்தான். முள் இறங்கவில்லை... கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது.

நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன்.

கார் ஆடியது.

பின்னால்... டக். டக். டக். பலகையில் குளம்பு.

இறங்கிப் போனேன். ட்ரெய்லரின் காற்றுத் துளையில் ஆவி வந்தது. கையை நீட்டினேன். சூடு.

மூச்சு...

தாழ்ப்பாள் எட்டும் தூரம்தான்.

திறக்கவில்லை.

4.52. கொக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். முள் உடனே 1500க்கு இறங்கியது.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன். “ஆண்ட்டி, ஒரே பனி. ட்ரெய்லரை ஓரமா விட்டுட்டேன்.”

“எங்க?”

“உச்சியில.”

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் 7.15. மாமாவிடம் கெஞ்சி பிக்கப்பை வாங்கிக்கொண்டு போனேன். ஆண்ட்டி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். பிக்கப்பின் கொக்கியை விரலால் தேய்த்துப் பார்த்தார். துரு.

“நேத்து இழுத்த கொக்கியா இது?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

உள்ளே ஒன்றும் இல்லை. சுவர்கள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன, இரவெல்லாம் ஏதோ மூச்சு விட்டதுபோல.

“பதினோரு வருஷம் ஆச்சு,” என்றார் ஆண்ட்டி. “எங்கிட்டயும் இந்த மாதிரி காருதான். அண்ணன் வேணாம்னான், கேக்காம அவன் குதிரைய இதே ட்ரெய்லர்ல ஏத்திட்டு வந்தேன். இங்க வந்ததும் கியர்பாக்ஸ் கருகுற நாத்தம். கழட்டி விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவங்கிட்ட சொல்ல வாய் வரல. காலையிலதான் சொன்னேன். அதுக்குள்ள, உதைச்சு உதைச்சு...”

என் பக்கம் திரும்பினார்.

“நேத்து உதைச்சுதா?”

“ம்.”

“திறந்து விட்டியா?”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“திறந்தேன் ஆண்ட்டி.”

“நல்லா இருப்படா,” என்று கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப போயிருக்கும்.”

அந்த நம்பிக்கையில் போன மாதம் ட்ரெய்லரை விற்றுவிட்டார். வாங்கியவர்களின் குதிரை அதில் ஏற மாட்டேன் என்கிறதாம். வாசலில் நின்று, காலியான உள்பக்கத்தைப் பார்த்துக் கனைக்கிறதாம். பிறகு காதை நிமிர்த்திக்கொண்டு... காத்திருக்கிறதாம்.

நான் இன்னும் ஆண்ட்டியிடம் சொல்லவில்லை.