ஓவியாவுக்காக ஏறெடுத்த ஜெபம்

ஞானஜோதி அக்கா போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பம்மலில் எங்கள் தெருதான். அதட்டிப் பேசத் தெரியாது. எப்படித்தான் அந்த வேலையில் காலம் தள்ளினாரோ, கர்த்தருக்கே வெளிச்சம். வீட்டுக்காரர் தவறிய பிறகு உட்கார்ந்து ஒரு போலீஸ் நாவல் எழுதினார்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க. நல்லாருக்குன்னாதான் அச்சுக்குக் குடுப்பேன்."

எங்கள் தெருப் பெண்கள் கூடும் செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வாரம் ஓர் அத்தியாயம் வாசித்தார். ஓவியா என்ற கல்லூரிப் பெண் காட்டாங்குளத்தூரில் ரயிலை விட்டு இறங்கியவள், வீடு வந்து சேரவில்லை. ஒரு பெண் எஸ்.ஐ. கேமராப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்துத் தேடுகிறார்.

மூன்றாவது வாரமே ஜான்சி கொட்டாவி விட்டாள். "இன்னாக்கா, அந்தம்மா கேமராவையே பாத்துகினு கீது? ஒரு துரத்தல் கூட இல்லியே!"

"நெஜத்துல அப்டித்தான்டி. பாத்துப் பாத்தே கண்ணு பூத்துடும்."

"எங்களுக்கும் பூத்துடுச்சுக்கா!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஜான்சி சொன்னது தப்பில்லை, அந்த இடம் இழுவைதான். ஆனால் புகார் கொடுக்க வந்த தாய், மகள் காலையில் என்ன நிறச் சுடிதார் போட்டுப் போனாள் என்று சொல்லத் தெரியாமல் விம்முகிற இடம் என் நெஞ்சிலேயே நின்றது. ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். அதை அன்றைக்கு நான் வாய்திறந்து சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்கா வெறுங்கையோடு வந்தார். எப்சி அக்கா ஜெபம் நடத்தினார். டீ போட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து அரைகுறையாகக் கதை கேட்டவர் அவர்.

"ஆண்டவரே, காணாமப் போன ஓவியாவப் பத்திரமா வூடு சேர்த்துடும். அந்தத் தாயோட கண்ணீரத் துடைச்சருளும்."

குரல் உடைந்து அழுதார். எங்களையும் அறியாமல் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

ஜான்சிதான் முதலில் கண்ணைத் திறந்தாள். "எப்சிக்கா, அது கதைக்கா!"

"கதையா? ஞானஜோதி பாத்த கேசுன்னுல்ல நெனச்சேன்!" எப்சி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சரி, கதையாவே இருக்கட்டும். பொண்ணு கெடச்சாளா இல்லியா?"

"போய் எடுத்தாங்கக்கா," என்றாள் ஜான்சி. "எனக்கே தெரிஞ்சாகணும்."

ஞானஜோதி அக்கா ஏறக்குறைய ஓடினார்; காகிதங்களோடு திரும்பி வந்து கடைசிவரை வாசித்தார். அன்றைக்கு எங்கள் வீடுகளில் அடுப்பு பற்றவில்லை. வீட்டுக்காரர்கள் போட்ட போன்கள் அடித்து ஓய்ந்தன. கடத்தியவன் யாரென்று பாதியிலேயே தெரிந்துபோனது. இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எஸ்.ஐ. பூட்டை உடைத்து ஓவியாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்ததும், "ஸ்தோத்திரம்!" என்று நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"குடுக்கலாமா?" என்று கேட்டார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

"நாளைக்கே குடுங்கக்கா," என்றாள் ஜான்சி. "அந்தக் கேமராவ மட்டும் பாதியா வெட்டிடுங்க."