சைக்கிளில் போகிற சம்பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டன் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடை. கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் சேறு. சறே மலைப்பக்கம் சைக்கிள் ஓடிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

கோயிலில் அடிக்கடி காண்கிற ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே கம்பத்தில் பூட்டியிருந்த சைக்கிளையும் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, செத்தவீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்:

"அண்ணை... லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது கடைசியில். அதற்கு முன் நேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது.

நேசன் ஸ்ட்ரெதமில் என் தெருவிலேயே இருக்கிறான். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்தவன், எலெக்ட்ரிசியன். மலைச் சைக்கிள் பைத்தியம் அவனுக்கு அங்கே பிடித்தது. எனக்குத் தொற்றவைத்தவனும் அவன்தான்.

வருகிற ஜனவரியில் ஸ்கொட்லாந்தில் ஒரு ரேஸ். இருபத்திநாலு மணித்தியாலம், காடு, கல், ஐஸ். அந்த மாதத்தில் அங்கே சூரியன் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். பெரும்பாலும் இருட்டில்தான் ஓட வேண்டும். இரண்டு பேர் ஜோடியாகப் பதியலாம் — ஒருவர் ஒரு சுற்று ஓட, மற்றவர் கூடாரத்தில் இருந்து நடுங்கலாம். நானும் நேசனும் பதிந்தோம்.

இந்த வயதில் ஏன் இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் கொஞ்சம் நடக்கச் சொன்னார், நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டேன். நேசனுக்குக் காரணம் வேறு.

ஊரில் யுத்தம் முடிந்த இந்த மே மாதத்துக்குப் பிறகு அவன் நித்திரை கொள்வதில்லை. அவனுடைய அக்கா குடும்பம் வன்னியில் இருந்தது. கடைசியாக ஏப்ரலில் பேசினான். அதற்குப் பிறகு முகாம் முகாமாக ஆள் வைத்துத் தேடியாயிற்று... ஒரு தகவலும் இல்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் எல்லோரையும் போல அவனும் நின்றான், கத்தினான், தொண்டை போயிற்று. பிறகு வீட்டுக்கு வந்து முகட்டைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தான். நித்திரைக் குளிசையும் உதவவில்லை.

சேறு உதவியது. ஞாயிறு முழுக்க மலையில் ஓடினால் அன்றைக்குத் தூங்குவான். "அண்ணை, நேற்று அடிச்சுப்போட்ட மாதிரிப் படுத்தன்" என்று திங்கட்கிழமை போன் பண்ணுவான். அவனுக்கு ரேஸ் என்றால் மெடல் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது கண்ணை மூடலாம் என்ற உத்தரவாதம்.

தயாரானோம். ஐஸில் சறுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால், நேசன் விளக்குக்கு நீள வயர் போட்டு, பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்தான். எனர்ஜி பார் விறைத்து என் பல்லைப் பதம் பார்த்ததால் பேரீச்சம்பழத்துக்கு மாறினோம். நேசனின் மனைவி ராணி, "ரெண்டு விசரும் வெளிக்கிட்டுதுகள்" என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். அன்றைக்குப் புருஷன் தூங்குவான் என்று அவளுக்கும் தெரியும்.

இதற்கிடையில் நேசனின் மகள் அபிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சவுத்தால் மாப்பிள்ளை, பாங்கில் வேலை. அபிக்கும் பிடித்துவிட்டது. சாதகமும் பொருந்திவிட்டது. பிறகென்ன? விசாரிப்பு!

நம் சனத்தின் விசாரிப்பு உங்களுக்குத் தெரியாததா? உளவுத்துறை கைகட்டி நின்று பாடம் படிக்கலாம். கோயிலில் விசாரித்து, கடைகளில் விசாரித்து, கடைசியில் மாப்பிள்ளையின் மாமா எனக்கே போன் எடுத்தார்.

"நேசனை உங்களுக்கு நல்லாத் தெரியுமாம். நல்ல குடும்பமெண்டுதான் எல்லாரும் சொல்லினம்... ஆனா ஆள் சைக்கிள்ளை திரியிறாராம். ஏதும் கஷ்டமோ?"

கஷ்டமா! வேனும் காரும் வாசலில் நிற்கின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கொட்லாந்து, பனி, இருபத்திநாலு மணித்தியாலம் — எல்லாவற்றையும் பெருமையாக எடுத்து விளக்கினேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுமுடித்தார். பிறகு மெதுவாக:

"அப்ப... தலையிலை ஏதும் சுகமில்லையோ?"

ஏழை என்றால்கூட மன்னித்திருப்பார்கள். விசர் என்றால் பரம்பரையில் வந்துவிடுமே!

பொருளாதாரத் தடையால் ஊரில் பெட்ரோல் இல்லாத வருஷங்களில் நோயாளியைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உழக்கிய சனம் நாங்கள். கட்டின மனுசியைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போன மாப்பிள்ளைமார்தான் இன்றைக்கு லண்டனில் மாமனார்மார். இப்போது சைக்கிள் என்றால் மூக்கைப் பொத்துகிறார்கள்.

அதுகூடப் போகட்டும். சைக்கிளைப் பற்றி இத்தனை பேர் விசாரித்தார்களே, "அக்காவைப் பற்றி ஏதும் அறிஞ்சீரோ?" என்று நேசனை ஒருவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. மே மாதம் தோளோடு தோள் நின்ற அதே சனம்தான். எனக்கு இது ஆறவே மாட்டாது.

இந்த விசாரிப்பெல்லாம் காதுக்கு எட்டி, இரண்டு நாள் கழித்து நேசன் டயரையும் விளக்கையும் கொண்டுவந்து என் ஹோலில் வைத்தான்.

"அண்ணை, நான் விடுறன்."

"விசரே உனக்கு? ரேஸ் முன்னுக்கு நிக்குது."

"விசரெண்டுதானே சொல்லினம்" என்றான். சிரிக்கவில்லை. "பிள்ளையின்ரை விசயம். என்னாலை அவளுக்கு ஒரு சொல் வரக்கூடாது."

"அப்ப நித்திரை?"

"அது கிடக்கட்டும் அண்ணை."

விட வேண்டாம் என்று அபி அழுது சண்டை பிடித்தாளாம். அவன் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் மத்தியானச் சாப்பாடு, பேச்சை முற்றாக்க. நேசன் வற்புறுத்தியதால் நானும் போனேன் — வாயைத் திறப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. அவன் கண்கள் குழிக்குள் கிடந்தன. சாப்பாட்டு நடுவில் மாப்பிள்ளையின் தகப்பனார் மகனைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி இப்ப ஒஃபிசுக்குச் சைக்கிள்ளைதான் போறார். அங்கை பெரிய மனேஜர்மாரும் அப்பிடித்தானாம். ஹெல்த்துக்கு நல்லதல்லோ!"

நான் நேசனைப் பார்த்தேன். அவன் வடையைப் பார்த்தான்.

பாங்கில் இருப்பவன் ஓடினால் ஹெல்த். எலெக்ட்ரிசியன் ஓடினால் விசர். அதே சைக்கிள், அதே இரண்டு சில்லுதான். மேலே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மரியாதை.

திரும்பி வரும்போது காருக்குள், "பொடியன் தங்கமான பொடியன் அண்ணை" என்றான். உண்மைதான், அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "ராத்திரி படுத்தனியோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

ஜோடிப் பதிவைத் தனியாளுக்கு மாற்றிவிட்டேன். என் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டது. இனி என்னை யாரும் விசாரிக்கப் போவதில்லை. மறுநாள் ஞாயிறு, தனியாக மலைக்குப் போனேன். பிளாஸ்க் இல்லை, பேச்சுத்துணை இல்லை. கோபத்தில் உழக்கி, இரண்டு இடத்தில் விழுந்து எழும்பி, அந்தக் கோலத்தில்தான் கத்தரிக்காய் வாங்க வந்தேன். அப்போதுதான் அந்த மனிதர் கேட்டார், லைசென்ஸைப் பறித்துவிட்டார்களா என்று.

இவருக்கும் ஸ்கொட்லாந்தை விளக்குவதா? ஒரு தரம் விளக்கிப் பட்டது போதாதா?

"ஓம் தம்பி" என்றேன். "குடிச்சிட்டுக் கார் ஓடினனான். பிடிச்சுப்போட்டாங்கள்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் சேற்றுத் தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

"அட, இவ்வளவுதானே அண்ணை? நான் வேறை என்னவோ எண்டு பயந்திட்டன்!"