குருவி விரட்டும் ராக் சிடிகள்

பூதலூர் பஸ் இன்று நடுவழியில் பஞ்சர். இறங்கி நின்றேன். பக்கத்து வயலில் கதிருக்கு மேலே கயிறு கட்டி, குருவி விரட்ட சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் சிவப்பு கிடார் படம். எங்கள் கம்பெனியின் முத்திரை. தஞ்சாவூரிலிருந்து தமிழ் ராக் வெளியிட்டோமே, அதேதான். முதல் சிடிக்குக் கல்லூரிகளில் அடிதடி. கடைசி சிடிகள் பெட்டி பிரிக்காமலே பழைய இரும்புக்கடைக்குப் போயின.

வயல்காரரிடம் கேட்டேன். "குருவி பயப்படுதுங்களா?"

"மொத வருசம் ஒண்ணும் கிட்ட வரலைங்க. இப்ப பழகிப்போச்சு. அந்தக் கயித்துலயே உக்காருதுங்க."

எங்கள் கம்பெனியின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. ஒன்று கேட்டேன்.

"அறுப்பு முடியட்டுங்க, எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

அதுவரை எனக்குப் பொறுக்காது. உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? மாடியில் புறா விரட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.