திரைக்குப் பின்னால் பௌதிகம் படித்த தனகோட்டி அக்கா

லாலாகுடா ரயில்வே குடியிருப்பின் குழாயடியில் நின்றிருந்தேன். தனகோட்டி அக்காவின் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். அதைப் பார்த்ததும் அக்கா போய்விட்டார் என்று தெரிந்துவிட்டது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சும் கிளம்பியது: "பொம்பளப் புள்ள அவ்வளவு படிச்சா மூள சூடாயிடும், அதான் காய்ச்சலு." அக்காவின் தங்கை செல்லத்தைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அக்காவை அறிந்த உங்களுக்கு, அவர் படித்ததைக் கூட இருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தபோது தனியாக அனுப்ப வீட்டில் மனமில்லை. நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். வகுப்பில் பெண்களுக்காக ஒரு மூங்கில் திரை தொங்கும். அதன் பின்னால் நாங்கள் இருவர் மட்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடமெல்லாம் உருதுவில்தான். கரும்பலகை, திரையின் இடுக்கு வழியே பாதிதான் தெரியும். "மீதிய நானே போட்டுப் பாத்துக்கிறேன்" என்பார் அக்கா. போட்டும்விடுவார். நான் கண்ணயர்ந்தால் மெதுவாகச் சொல்வார்: "தூங்கு, பரவால்ல. கொறட்ட மட்டும் நக்கோ." வேண்டாம் என்பதற்கு எங்கள் தெரு உருது அது.

சோதனைக்கூடத்திலும் எங்கள் மேசைக்கு ஒரு திரை உண்டு. ஆண்கள் இருவர் இருவராகச் செய்வார்கள். அக்காவுக்கு ஜோடி இல்லை. பேராசிரியரிடம் கேட்டு என்னையே ஜோடியாக்கிக்கொண்டார். கருவியின் காந்த ஊசி நிற்கும் இடத்தை நான் குனிந்து பார்த்துத் தமிழில் சொல்வேன், அவர் உருதுவில் எழுதுவார். பூமியின் காந்த வலிமையை அளந்தபோது விடை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வந்தது. மேசையை நகர்த்திப் பார்த்தார், கருவியைத் துடைத்து வைத்தார். கடைசியில் என் தலையையே பார்த்தார். "ஏண்டி, கொண்டையில எத்தன ஊசி குத்தியிருக்க?"

அத்தனையும் இரும்பு ஊசிகள். நான் குனியும்போதெல்லாம் காந்த ஊசி விலகியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அக்கா சிரித்துவிட்டார். "பூமிய அளக்கறதா நெனச்சு உன் கொண்டைய அளந்துட்டிருந்தோம். ஆனா நீ எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திச் சொல்லல, நின்ன எடத்தச் சொன்ன. அதனாலதான் தப்பு மாட்டுச்சு." அன்று முதல் கொண்டையை நூல் கயிற்றால் கட்டித்தான் போனேன். தலை கலைந்து வந்ததற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். திரைக்குப் பின்னால் தமிழ்க் குரல் கேட்டதும் எழுந்து நின்றார். இந்தப் பெண் விடை சொல்லிக்கொடுக்கிறாள், தேர்வு செல்லாது என்றார். அளவுதான் சொல்கிறாள் என்று அக்கா உருதுவில் விளக்கினார். அப்படியானால் அவள் வெளியே வந்து, எனக்குப் புரியும்படி அளவைப் படிக்கட்டும் என்றார் அவர்.

அதுவரை நான் அந்நிய ஆண்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. அக்கா என் காதருகே, "பயமா இருந்தா நக்கோ. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். போயிருந்தால் இரண்டு வருடப் படிப்பும் போயிருக்கும். அவர் முகத்தில் அது தெரிந்தது, வாயில் வரவில்லை. நான் திரையை ஒதுக்கி, மேசையின் வெளிப்பக்கம் வந்து கருவியைக் குனிந்து பார்த்தேன். தெருவில் பேசும் உருதுவில் அளவைச் சொன்னேன். தேர்வாளர் அக்காவின் தாளைப் பார்த்தார், தாமே குனிந்து ஊசியையும் பார்த்தார்.

"எந்த வகுப்பு நீ?"

"நாலாவது, சாப்."

அவர் சிரிக்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அக்கா தேறினார்.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதே வாரம் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்த பால்காரர் மகளும் அதே காய்ச்சலில் போனாள். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. நேற்று அக்காவின் அப்பா முன்னால் நின்று இதைச் சொன்னேன். வாசலில் வேறு ஆண்களும் இருந்தார்கள். "படிப்பால இல்ல, மாமா. நான் பாத்தேன்" என்றேன்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது, அது எத்தனை பேர் முன்னால் என்றாலும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

மாமா வாசலில் நின்ற சைக்கிளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். பிறகு, "செல்லத்துக்கு ஸ்கூல் தூரம். துணைக்கு யாரு போவா?" என்றார்.

"நான் போறேன் மாமா" என்றேன்.