பன்றிக்காய்ச்சல் காலத்துக் கணக்குச் சோதனை

நோர்வேக்கு வந்த நாள் தொடக்கம் சுகமில்லை எண்டு நான் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. அதைப் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இஞ்சத்தைச் சனம் மூக்கு ஒழுகினாலே வீட்டில நிக்கும். நாங்கள் அப்பிடிச் செய்தால் "வெளிநாட்டுக்காரர் சாட்டுச் சொல்லுகினம்" எண்டுவாங்கள். ஒருத்தனும் என்னைப் பாத்து அப்பிடிச் சொல்லக் கூடாது எண்ட திமிர் எனக்கு. 2009இல பன்றிக்காய்ச்சல் வந்த நேரம் அந்தத் திமிர் செய்த வேலையைத்தான் எழுதுறன்.

அப்ப நான் ஒஸ்லோவில வளந்தாக்கள் படிக்கிற ஒரு பாடசாலையில ஆலோசகர். தொழிற்கல்வி முடிச்சு வேலை செய்யிற ஆக்கள், கல்லூரிப் படிப்புக்கு மாற விரும்பினால் எங்களிட்டை ஒரு வருசம் படிக்கவேணும். கணக்கு, மொழி, வரலாறு எல்லாத்தையும் அந்த ஒரு வருசத்துக்குள்ள விழுங்கவேணும். அதுக்குள்ள அவை படிப்பை விட்டிட்டு ஓடாமல் பாக்கிறதுதான் என்ரை வேலை.

அந்த வருசம் என்ரை தலையிடி ஒரு தமிழ்ப் பிள்ளை. முப்பது வயசிருக்கும். வடக்கில ஹம்மர்பெஸ்டில மீன் பக்டரியில நிண்டு, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லத்தில வேலை செய்தவ. தாதியாகோணும் எண்டு ஆசை. நல்ல கெட்டிக்காரி, ஆனால் கணக்கெண்டால் பயம். வேலையிடத்தில ஒரு வருசம்தான் லீவு குடுத்திருந்தவை. நவம்பர் கடைசி வியாழன் கணக்குச் சோதனை. எழுதாட்டில் புள்ளி இல்லை. புள்ளி இல்லாட்டில் தாதியர் கல்லூரியும் இல்லை.

வகுப்பெல்லாம் பாதி காலி. காய்ச்சலெண்டால் வீட்டில நில்லுங்கோ எண்ட அறிவித்தலைக் கதவு கதவா ஒட்டினது நான்தான். ஆரும் இருமினால் "எழும்பும், வீட்டை போம்!" எண்டு கலைச்சதும் நான்தான்.

சோதனைக்கு முதல் வெள்ளிக்கிழமை அவ போன் எடுத்தா.

"அக்கா, என்னால ஏலாது. நான் படிப்பை விடப்போறன்."

"உமக்கென்ன விசரே? திங்கட்கிழமை பத்து மணிக்கு என்ரை அறைக்கு வாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஞாயிறு பின்னேரம் எனக்கு உடம்பு உளையத் தொடங்கிச்சு. திங்கள் காலமை காய்ச்சல். ரண்டு பரசெத் குளிசையை விழுங்கிப்போட்டு வீட்டுக்குக் கிட்ட குரோருட்டில டி-பான ரயில் ஏறினன். வரவேண்டாம் எண்டு சொன்னால் அவ படிப்பை ஒரேயடியா விட்டிடுவா எண்டு நினைச்சன். அது பாதி உண்மை. மற்றப் பாதி திமிர்தான்.

ரண்டு மணித்தியாலம் நிகழ்தகவு படிப்பிச்சன். குளிர் எண்டு ஜன்னலையும் பூட்டியிருந்தனான். இருமல் வர, "தொண்டை கரகரப்பு, வேறை ஒண்டுமில்லை" எண்டு சமாளிச்சன். அவ கதிரையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டா. கொப்பி தெரியாதே எண்டு நான் பிடிச்சு இழுத்துக் கிட்ட வைச்சன். போகேக்கை ஏழு கணக்குத் தானாச் செய்து முடிச்சிருந்தா. சோதனையை எழுதுறன் எண்டு வாக்கும் தந்தா. எனக்கெண்டால் புளுகம், சந்தோசம் தாங்கேல்லை.

செவ்வாய்க்கிழமை நான் படுக்கையில விழுந்திட்டன். வியாழன் மத்தியானம் படுத்தபடியே கணக்கு வாத்தியாருக்குப் போன் அடிச்சன். நோர்வேக்காரர், ஒழுங்கெண்டால் ஒழுங்கு எண்ட மனுசன்.

"அவ வரேல்லை" எண்டார்.

எனக்கு வந்த கோவம்! திருப்பித் திருப்பி அடிச்சும் அவ போனைத் தூக்கேல்லை. கடைசியில குரல்பதிவில கத்தினன். "உமக்கு வெக்கமில்லையே? உமக்காக நான் செத்துச் செத்து வந்து படிப்பிச்சனான்!"

ஒரு மணித்தியாலத்தால அவவின்ரை மனுசன் கூப்பிட்டார். புதன்கிழமை தொடக்கம் அவ ஆஸ்பத்திரியில. அவவுக்கு முந்தியே ஆஸ்துமாவாம், மூக்கில ஒட்சிசன் போட்டிருக்காம். "அக்கா, கோவிக்காதேங்கோ, அவவால கதைக்க ஏலாது" எண்டார்.

ஆஸ்துமா இருக்கெண்டது எனக்குத் தெரியாது. கேட்டும் பாக்கேல்லை. திங்கள், செவ்வாய், புதன் எண்டு விரலை மடிச்சு எண்ணிப் பாத்தன். பக்கத்தில இருந்து இருமினது நான் ஒருத்திதான்.

அஞ்சு நாள் மனுசன் போன் எடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் வந்தது. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியால அவவை வீட்டை போக விட்டிட்டினம். எனக்கும் காய்ச்சல் விட, நேரா வாத்தியாரிட்டைப் போனன். மறுசோதனை தை மாதம்தான், அதுக்குள்ள புள்ளிப் பட்டியல் மூடிப்போடும் எண்டார்.

"அவவுக்கு வருத்தத்தைக் குடுத்தது நான். காய்ச்சலோட வேலைக்கு வந்தனான். பிழை என்ரை, தண்டனை அவவுக்கே?"

"கதவில அறிவித்தல் ஒட்டினது நீங்களெல்லோ?" எண்டு வாத்தியார் கேட்டார். எனக்கு நிலத்துக்குள்ள புதைஞ்சு போகலாம் போல கிடந்தது. பிறகு நாட்குறிப்பைத் திறந்து டிசம்பரில ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறிச்சார்.

அவ மெலிஞ்சு கறுத்து வந்து, தனிய இருந்து எழுதினா. குழம்பிப்போவா எண்டு அதுக்கு முதல் நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆறுக்கு நாலு புள்ளி, நல்ல பாஸ். அதைச் சொல்ல ஓடி வந்தவவைப் பிடிச்சு இருத்தி, வாயைத் திறந்தன்.

"பிள்ளை, உமக்கு அந்த வருத்தம் என்னட்டையிருந்துதான் வந்தது. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான்."

அவ குனிஞ்சு தன்ரை கையைப் பாத்தா.

"தெரியும் அக்கா. உள்ளை வந்து இருந்த உடனயே தெரியும்."

"பிறகேன் இருந்தனீர்? எழும்பிப் போயிருக்கலாமே!"

"எனக்காக வந்திருக்கிறியள். உங்களைப் பாத்து எப்பிடி அக்கா சொல்லுறது, தள்ளி இருங்கோ எண்டு?"