மூடியது வேறு, முடிந்தது வேறு

செய்தி வந்தபோது கிண்டி ரயில் நிலையப் படிக்கட்டில் இருந்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ரெஜினா மேடத்தின் படம், பக்கத்தில் மெழுகுவத்தி, கீழே தங்க எழுத்தில் ‘டிஜிட்டல் குடிமைக் கல்வியின் முன்னோடி’. நோய் முற்றிவிட்டது என்று தெரிந்திருந்ததால் இறந்துவிட்டார் என்பது உடனே புரிந்தது. அந்தப் பட்டத்தைப் படித்ததும் ஆத்திரம் வந்தது. அதைப் போட்டவர் எங்கள் கல்லூரி முதல்வர். மேடத்தின் பாடத்தை நிறுத்தியவரும் அதே முதல்வர்தான்.

மேடத்திடம் படித்தவர்களுக்கு அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஆசிரியர்கள் நாங்களெல்லாம் போனை உள்ளே வை என்போம். அவர் போனை வெளியே எடு என்பார். ஒவ்வொரு மாணவரும் தன் தெருவில் உள்ள ஒரு குறையைப் படம்பிடித்து, மாநகராட்சியின் புகார் செயலியில் பதிந்து, அது தீரும்வரை விடாமல் துரத்த வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.

அபிராமபுரத்து மாணவி ஒருத்தி தன் வீட்டு வாசலில் திறந்து கிடந்த வடிகால் குழியைப் பதிந்தாள். சீக்கிரமே ‘புகார் மூடப்பட்டது’ என்று பதில் வந்தது, புத்தம்புது சிமெண்ட் மூடியின் படத்தோடு. குழி அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்தது வேறு ஏதோ தெரு. மேடம் மொத்த வகுப்பையும் அங்கே கூட்டிப்போனார். நானும் போனேன்.

வடிகால் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, “இன்னா மேடம், ஆப்புல குளோஸ் ஆயிடுச்சே. இன்னும் இன்னா பிரச்சனை?” என்றார்.

“ஆப்புல மூடிட்டீங்க. தெருவுல எப்ப மூடுவீங்க?” என்று மேடம் கேட்டுவிட்டு, மாணவியிடம் செயலியிலிருந்த ‘மீண்டும் திற’ என்ற பொத்தானைக் காட்டினார். “மூடினது வேற, முடிஞ்சது வேற. முடிஞ்சுதான்னு புகார் குடுத்தவங்கதான் சொல்லணும்.”

அவர்கள் மூட மூட அவள் திறந்தாள். மழைக்கு முன்னால் உண்மையான மூடி வந்து சேர்ந்தது. கூடவே யாரோ ஒரு பெரிய மனிதரிடமிருந்து முதல்வருக்குப் போனும் வந்தது. பிள்ளைகளைப் புகார்க்காரர்களாக ஆக்குகிறார் என்று சொல்லி மேடத்தின் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வீடியோக்கள் வந்தன. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அமுக்கினால் சான்றிதழ். தரமணி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பாஸ் செய்ததாக ஒரு பையன் பெருமையடித்தான். நாங்கள் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை.

“உரிமைன்னு வந்தாலும் அடுத்து, அநியாயம்னு வந்தாலும் அடுத்து. இதுக்கா படிக்க வைக்கிறோம்?” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆசிரியர் கூட்டத்திலும் எழுந்து நின்று பாடத்தைத் திரும்பக் கேட்டார். பார்க்கலாம் மேடம் என்று சொல்லியே உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என்னிடம் அவர் கேட்டது, பாடம் திரும்பி வந்ததா என்பதைத்தான்.

அடக்கத்தன்று மயிலாப்பூரில், அவருடைய பங்குத் தேவாலய வாசலில், முதல்வர் என் தோளைத் தட்டினார். “அந்தப் பாட விஷயமெல்லாம் முடிஞ்சுபோச்சு. இரங்கல் கூட்டத்துல அதை எடுக்காதீங்க. நல்லதா ரெண்டே வார்த்தை பேசுங்க, போதும்.” சவப்பெட்டி உள்ளே இருந்தது. அவர் கையை விலக்கிவிட்டு உள்ளே போனேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய கோபம். அதை ஆறவிடப் போவதில்லை. முதல்வர் கேட்ட இரண்டு வார்த்தையும் தயாராக இருக்கிறது: மீண்டும் திற.