அத்தையின் கட்டைவிரல்

அந்த நீல மைப்பெட்டி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மேசைமேல் மூடி உடைந்து கிடந்தது. விரல் வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் அத்தை சிரித்தபடி தானே கட்டைவிரலை நீட்டினார். அப்பாவின் தங்கை, அப்போது முப்பத்தைந்து வயது. புத்தி ஐந்து வயதோடு நின்றுவிட்டது என்பார்கள். மாதம் தவறாமல் என்னோடு ரேஷன் கடைக்கு வந்து கருவியில் விரல் வைப்பார். விரல் வைத்தால் சர்க்கரை போடுவார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அவருடைய கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாதாமாதம் அந்த நாட்களில் அவரைக் கழுவித் துடைத்து அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வெளியே யாராவது கெடுத்துவிட்டால் என்ற பயம் வேறு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டார். நோயாளியின் ரேகையும் வேண்டுமாம், ஜல்தியாக வைக்கச் சொன்னார்கள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சக்கரை போடுவாங்களா?"

"போடுவாங்க அத்த" என்றேன். அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தியது என் கைதான்.

மூன்றாம் நாள் வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை எங்கே என்று கேட்டார். ஓடிப்போய்க் கடையில் வாங்கி வந்தேன். பொட்டலத்தைத் தள்ளிவிட்டு அழுதார். அதன்பிறகு ரேஷன் கடைக்கு அவர் வரவே இல்லை.

போன வருடம் அப்பா இறந்தார். நான் அத்தைக்குச் சட்டப்படி பாதுகாவலராக விண்ணப்பித்து, அவரை விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். வயது வந்த தங்கைக்கு அண்ணனே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது, அதற்கான குழுதான் நியமிக்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். குழந்தை பெற முடியாமல் செய்யும் சிகிச்சையை, அவருக்கு விளங்கும்படி சொல்லி அவருடைய சம்மதம் வாங்காமல் செய்யவே கூடாதாம். அதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி என்னை விட்டுவிட்டு அத்தையிடம் குனிந்தார்.

"இவங்ககூட இருக்க உங்களுக்கு இஷ்டமாங்க?"

அத்தையிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் கேட்டதே இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மைப்பெட்டியையே பார்த்தார். பிறகு கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் இறுக மூடி, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.